வெளி வட்டத்தில் தாஸ் மாமா

பஸ் ஏறினதும் என்ன வேலைன்னு கேட்டீங்க அண்ணாச்சி, சொன்னா சிரிக்கப்பிடாது. ரோபோ செய்யுத கம்பெனி, கோயம்புத்தூர்ல. சினிமாவுல வாற மாதிரி நடக்காது, சண்டை போடாது. ஒரு குடத்து உசரம்தான் இருக்கும். தலை திரும்பும். கண்ணு மாதிரி ரெண்டு வெளிச்சம். தனியா இருக்க வயசானவங்க வீட்டுல ஸ்டூல் மேல வச்சுட்டா, மாத்திரை போட்டாச்சான்னு கேக்கும், பேப்பர் படிச்சுக் காட்டும், நாம பேசினா பதில் சொல்லும். ஒரு பேச்சுத்துணை, அவ்வளவுதான்.

என் பேரு குத்தாலம். நான் இஞ்சினியர் இல்ல. மெஷினச் செய்யுதவனுவ வேற. நான் வீடு வீடாப் போயி, அந்த வீட்டுல யாரு எவருன்னு கேட்டு எழுதிக் குடுக்கவன். உறவுப் படிவம்னு அதுக்குப் பேரு. அத வச்சுத்தான் மெஷினு அந்த வீட்டுல எப்படி நடந்துக்கிடணும்னு முடிவு பண்ணுவாங்க. எங்க மேடம் மதுரவல்லின்னு, பெரிய படிப்பு படிச்சவங்க. அவங்க சொல்லுவாங்க, "மெஷினச் செஞ்சு வச்சுக்கிட்டு மனுஷனத் தேடாதீங்க. மனுஷங்களுக்குள்ள ஏற்கெனவே என்ன இருக்குன்னு பாத்துட்டு வாங்க, அப்புறம் மெஷினச் செய்வோம்"னு. நல்ல பேச்சு. புதுசா சேருத பிள்ளைங்களுக்கு நானே அத எடுத்துச் சொல்லுவேன்.

படிவம்னா பெரிய வித்தை ஒண்ணும் இல்ல. நடுவுல ஒரு புள்ளி, அது அந்தப் பெரியவரு. அவரச் சுத்தி ரெண்டு வட்டம். உசுருக்கு உசுரா இருக்கவங்க உள் வட்டம். பால்காரரு, வீட்டு வேலைக்கு வாற அம்மா, மருந்து வாங்கிக் குடுக்கவங்க, இப்படி ஒத்தாசைக்கு வாறவங்கெல்லாம் வெளி வட்டம். இதுல மேடத்துக்கு ஒரு கண்டிப்பு உண்டு. உள் வட்டத்து ஆளு செய்யுத காரியத்துல மெஷின் கை வைக்கப்பிடாது. மக தினமும் ஃபோன் பண்ணி மாத்திரை போட்டியாம்மான்னு கேக்குதான்னா, அத மெஷின் கேக்கக் கூடாது. ஏன்னா மாத்திரைங்கது ஒரு சாக்கு, மகளும் அம்மாவும் பேசுததுக்கு. சாக்கப் புடுங்கிட்டா பேச்சும் போயிரும். வெளி வட்டம்னா பரவால்ல, அவங்க வேலைய மெஷினுக்குக் குடுத்துரலாம். இத மட்டும் புடிச்சுக்கிடுங்க, மத்ததெல்லாம் தானா விளங்கும்.

எங்கப்பா பாளையங்கோட்டையில தனியா இருக்காரு. வைத்திலிங்கம். பஸ்ஸ்டாண்டுல டைம்கீப்பரா இருந்து ரிட்டையர்டு ஆனவரு. மைக்குல "தென்காசி, செங்கோட்டை"ன்னு அவரு கூவினா, தூங்குத டிரைவரு எந்திரிச்சு உக்காந்துருவாராம். அம்மா போயி ஆறு வருஷம் ஆச்சு. அதுக்குப் பொறவு கண்ணுல பிரஷர் வந்து பார்வை சுருங்கிட்டு. குழாய் வழியாப் பாக்க மாதிரி நேரா இருக்கது மட்டும் தெரியும், அதும் மங்கலா. பேப்பர் எழுத்து சுத்தமாத் தெரியாது.

அவருக்கு ஒரு சேக்காளி, ஞானதாஸ். தாஸ் மாமான்னு கூப்பிடுவேன். ரெண்டு தெரு தள்ளி வீடு. அச்சாபீஸ்ல நாப்பது வருஷம் புரூஃப் பாத்தவரு. அப்பாவுக்குப் பார்வை மங்கினதுலேருந்து தினமும் காலையில ஏழரைக்கு பேப்பரும் கையுமா வந்து படிச்சுக் காட்டுவாரு. படிப்பாருன்னா, ஒழுங்காவா படிப்பாரு? நாலு வரிக்கு ஒருக்கா நிப்பாட்டிருவாரு. "இந்தா பாரும்வே, இங்க ஒரு எழுத்தத் தின்னுட்டான். இவனுக்கெல்லாம் சம்பளம் குடுக்கானுவ." எங்கப்பா கத்துவாரு, "செத்தவன் யாருன்னு சொல்லும்வே மொதல்ல. எழுத்த எண்ணிக்கிட்டு இருக்கீரு." அரை மணி நேரத்துல முடியவேண்டிய பேப்பரு ஒம்பதரை வரைக்கும் ஓடும். நடுவுல அரசியல், நடுவுல மாமாவோட சபைத் தகராறு, நடுவுல ஒருத்தர ஒருத்தர் கோட்டி, பைத்தியம்னு ஏசிக்கிடுதது. ஞாயித்துக்கிழமை மட்டும் மாமா கோயிலுக்கு, சர்ச்சுக்குத்தான், போயிருவாரு. அன்னைக்கு எங்கப்பா மூஞ்சி உர்ருன்னு இருக்கும்.

கிளம்புறப்ப தினமும் ஒரே பேச்சுதான். அப்பா, "உமக்கு எதுக்குவே தினமும் இந்தச் சிரமம்?"ம்பாரு. மாமா, "சிரமம்தான், என்ன செய்ய, உம்மள என் தலையில கட்டிட்டானே ஆண்டவன்"ம்பாரு. செருப்ப மாட்டிக்கிட்டுப் போயிருவாரு. மறுநா ஏழரைக்கு வந்துருவாரு. நம்ம பக்கத்துல யாரு சொல்ல மாட்டா அத? ஒரு டம்ளர் தண்ணி குடுத்தாக்கூட எதுக்குச் சிரமம்னுதான் சொல்லுவோம். அது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிஞ்சுதான் எழுதினேன். இருங்க, வாரேன்.

போன புரட்டாசியில சோதனைக்குன்னு பத்து வீட்டுல மெஷின் வைக்கச் சொன்னாங்க. ஒம்பது வீடு தேறிட்டு. பத்தாவதுக்கு எங்கப்பா பேரக் குடுத்தேன். சொந்தக்காரங்க வீட்டுக்குப் படிவத்த வேற ஆளு எழுதணும்னு விதி. என்கூட வேல பாக்குத ஒருத்தன் கையெழுத்துப் போட்டான், எழுதினது நான்தான். எங்கப்பாவப் பத்தி எனக்குத் தெரியாததா அவனுக்குத் தெரியப் போவுது?

கோயம்புத்தூர்ல என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில உக்காந்து எழுதுதேன். உள் வட்டத்துல யாரு? மகன்னு நான் ஒருத்தன் இருக்கேன். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஃபோன் பண்ணுவேன். எல்லா ஞாயிறும்னு சொல்ல முடியாது. "சாப்டீங்களாப்பா?" "ஆச்சு." "மாத்திரை?" "ஆச்சு." "சரி, வச்சிருதேன்." "சரிலே." எண்ணி நாப்பது செகண்டு. இருந்தாலும் மகன் மகன்தானே? என் பேர உள் வட்டத்துல எழுதினேன். அடுத்து தாஸ் மாமா பேரு. பேனாவ உள் வட்டத்துலதான் வச்சேன், பாத்துக்கிடுங்க. பேருக்குப் பக்கத்துல இன்னொரு கட்டம் இருக்கு, வாரத்துக்கு எத்தன மணி நேரம்னு. எனக்கு ஒரு நிமிஷம் கூடத் தேறல. மாமாவுக்குப் பன்னெண்டு மணி நேரம். ரெண்டையும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா எழுதினா நல்லாவா இருக்கும்? மேடம் பாப்பாங்க. ஆபீஸ்ல அத்தன பேரும் பாப்பானுவ. மாமாவ வெளி வட்டத்துல போட்டேன். "நண்பர். செய்தித்தாள் வாசிக்க உதவுபவர்." அதுக்குக் கீழ, உதவுபவருக்குச் சிரமம் உண்டான்னு ஒரு கேள்வி. ரெண்டு பேரும் வாயத் தொறந்து தினமும் சொல்லுதாங்களே, சிரமம் சிரமம்னு. உண்டுன்னு டிக் பண்ணிட்டேன்.

உதவிக்கு வாறவரத் தனியா பாத்துக் கேக்கணும், அதுக்கு ஒரு தாளு உண்டு. அதயும் நானே எழுதிட்டேன். எனக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக் குடுத்த மனுஷன், அவர்கிட்ட போயி உங்களுக்குச் சிரமமான்னு கேக்கவா?

மெஷினக் கொண்டு வச்ச அன்னைக்கு மாமாவும் இருந்தாரு. அப்பா உக்காருத நாற்காலிக்கு நேர் எதிர்ல ஸ்டூல் போட்டு வச்சேன். அப்பா முதுகுக்குப் பின்னால வாசல், கிரில் கேட்டு. மெஷினு அப்பாவப் பாத்தாப்ல இருக்கும், அவரு தோளுக்கு மேல வாசலும் அதுக்குத் தெரியும். ஏழரை மணின்னா தானாப் படிக்க ஆரம்பிக்கும். ஆரம்பிச்சுது. தண்ணி ஊத்தின மாதிரி வாசிக்குது, எங்கயும் தட்டல. மாமா ஒரு எடத்துல, "அது தப்பு, ஊர்ப்பேரத் தப்பாச் சொல்லுது"ன்னாரு. அது நிக்கல, போய்க்கிட்டே இருக்கு. இருவது நிமிஷத்துல மொத்தப் பேப்பரும் முடிஞ்சுட்டு.

அப்பா சிரியாச் சிரிக்காரு. "வே, நீரு ரெண்டு மணி நேரம் இழுக்கதத்தான இது இருவது நிமிஷத்துல முடிச்சிட்டு. இனி உமக்கு வேலை இல்லவே."

மாமாவும் சிரிச்சாரு. "பெரிய விடுதலைவே எனக்கு"ன்னாரு.

ரெண்டு பேரும் எப்பவும் அப்படித்தான் பேசிக்கிடுவாங்க. நான் என்னத்தக் கண்டேன்? ரெண்டு பேருக்கும் சந்தோஷம்னு நினைச்சேன். கேட்டு வரைக்கும் அவரக் கொண்டு விடப் போனேன். "குத்தாலம், நான் வரலாமாடே, இல்ல அதுக்கு எடைஞ்சலா?"ன்னு கேட்டாரு. தாராளமா வாங்க மாமான்னேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அதுக்குப் பொறவு நான் கோயம்புத்தூர் போயிட்டேன். மெஷின் பாக்கதெல்லாம் எனக்கு ஃபோன்ல வரும், குறிப்பு மாதிரி. மாத்திரை போட்டாரு, காபி குடிச்சாரு, அப்படி. மொத நா ஏழு முப்பத்திரெண்டுக்கு ஒரு குறிப்பு: "வாசலில் ஒருவர். நான்கு நிமிடம். சென்றுவிட்டார்." மறுநாளும் அதே. ஏழு முப்பத்தொண்ணு, அஞ்சு நிமிஷம், போயிட்டாரு. மூணாம் நாளும் அதே. யாருன்னு எனக்குத் தெரியாதா? தெரியும். வாறாரு, நல்லாப் படிக்குதான்னு பாக்காரு, போறாருன்னு நினைச்சுக்கிட்டேன். வாசலுக்கு ஆளு வந்தா மெஷின் சொல்லும், அந்த வசதி உண்டு. ஆனா பேப்பர் படிக்கப்ப சொல்ல வேண்டாம்னு நான்தான் நிப்பாட்டி வச்சிருந்தேன். மத்த வீடுகள்ல பெரியவங்களுக்கு எரிச்சலா இருந்துச்சு, பால்காரர் வந்திருக்கார், கீரைக்காரம்மா வந்திருக்காங்கன்னு பாதியில பாதியில நிறுத்துதது. அதனால நிப்பாட்டினேன். ஒரு நல்லதுக்குத்தான்.

ரெண்டாவது ஞாயித்துக்கிழமை ஃபோன் பண்ணுதேன். அப்பா வைக்கவே இல்ல. "தாஸ் வரலலே. ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு. நான் ஒரு வெளாட்டுக்குச் சொன்னேன், அத மனசுல வச்சுக்கிட்டான் போல. வரட்டும், அவனே வரட்டும். நான் போயி கூப்பிடவா?" பத்து நிமிஷம் பேசினாரு அண்ணாச்சி. என் வயசுக்கு அவரு என்கூட அவ்வளவு நேரம் பேசினதே இல்ல. அடுத்த ஞாயிறு கால் மணி நேரம். பேப்பர்ல வந்ததெல்லாம் எனக்குச் சொல்லுதாரு. யாரு செத்தா, எந்த ரோட்டத் தோண்டிப் போட்டானுவ, எல்லாம். அதுக்கு முன்ன எல்லாம் மாமாகிட்ட சொன்ன பேச்சு. இப்ப எனக்கு வருது. எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. வெக்கத்த விட்டுச் சொல்லுதேன், நல்லாவே இருந்துச்சு. ஒரு வார்த்த, "அப்பா, மாமா தினமும் வந்து வாசல்ல நிக்காரு, திரும்பிப் பாருங்க"ன்னு சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. "அவருக்கும் வயசாச்சுல்லாப்பா, ஓய்வெடுக்கட்டும்"னு சொன்னேன்.

கார்த்திகையில மேடத்துக்கு முன்னால அறிக்கை வாசிச்சேன். பாளையங்கோட்டை வீடு, உதவுபவர் வருகை வாரத்துக்கு ஆறு நாள்லேருந்து சைபர், சிரமம் முழுசா நீங்கியதுன்னு. வாசல்ல வந்து நிக்கத வருகைன்னு சேக்கக் கூடாதுல்லா, உள்ள வந்தாத்தான வருகை? எல்லாரும் கைதட்டினாங்க. மேடம் மட்டும் படிவத்தத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. "இவரு வெளி வட்டம்தானா குத்தாலம்? வாரத்துக்குப் பன்னெண்டு மணி நேரம்னு போட்டிருக்கு. அவர்கிட்ட நேர்ல கேட்டாச்சா?"ன்னாங்க. கேட்டாச்சு மேடம்னு சொன்னேன். உக்காந்துட்டேன்.

மார்கழி பொறந்து மூணாம் நா, விடியக்காலம் மாமா பொண்ணு பெனிட்டா ஃபோன் பண்ணினா. அவ ஸ்கூல் டீச்சரு, அவங்க வீட்டுலயே இருக்கா. மழையில நனைஞ்சு மாமாவுக்கு நெஞ்சுல சளி கட்டி, ஒரு வாரமா ஆஸ்பத்திரியில வச்சிருந்திருக்காங்க. வைத்திக்குச் சொல்லி விட வேண்டாம்னு மாமாவே தடுத்துட்டாராம். முந்தின நா மத்தியானம் போயிட்டாரு. "அண்ணே, வைத்தி மாமாகிட்ட நீங்களே பக்குவமா சொல்லுங்க. நான் சொன்னா தாங்க மாட்டாங்க"ன்னா. சரிம்மான்னேன். அப்பா காபி குடிக்கட்டும், மாத்திரை போடட்டும், எட்டு மணிக்குப் பொறவு சொல்லுவோம்னு இருந்தேன். ஏழரைங்கத மறந்தே போனேன்.

ஏழரைக்கு மெஷினு அதப் படிச்சிட்டு அண்ணாச்சி. காலமானார் பகுதி. "ஞானதாஸ், வயது எழுபத்து நான்கு, ஓய்வுபெற்ற அச்சகப் பணியாளர், காலமானார். நல்லடக்கம் இன்று மாலை நான்கு மணி. தங்கம் விலை சவரனுக்கு"ன்னு அடுத்ததுக்குப் போயிட்டு. தட்டாம, நிக்காம. அப்பா, "ஏ, நிறுத்து. நிறுத்து. திருப்பிச் சொல்லு"ன்னு கத்தியிருக்காரு. அது நல்ல பிள்ளையா முதல்லேருந்து திருப்பிப் படிச்சிருக்கு, தங்கம் விலையோட சேத்து.

காரப் புடிச்சு நாலு மணிக்குள்ள போயிச் சேந்துட்டேன். அப்பா வேட்டி மாத்தாம அதே நாற்காலியில இருக்காரு. வாங்கப்பா போவோம்னு கையப் புடிச்சேன். உதறிட்டாரு. "ரெண்டு மாசமா எட்டிப் பாக்காதவன். ஆஸ்பத்திரியில கிடக்கேன்னு ஒரு வார்த்த சொல்லி விடல. அவனுக்கு நான் ஆளே இல்ல. நான் எதுக்குலே போகணும்?" நான் மட்டும் போனேன். அவங்க வீட்டு வாசல்ல கிறிஸ்மஸ் நட்சத்திரம் தொங்குது, யாரும் கழட்ட நினைக்கல. மாமா மொகம் மெலிஞ்சு போயி இருந்துச்சு. மாலையப் போட்டுட்டு ஓரமா நின்னேன். பெனிட்டா கூட்டத்துக்குள்ள எங்கப்பாவத் தேடுதா. எனக்கு அவ மொகத்தப் பாக்க முடியல.

அப்பாகூட ஒரு வாரம் இருந்தேன். மெஷினு மெமரி நிறைஞ்சிட்டுன்னு சிவப்பு லைட்டு காட்டிக்கிட்டே இருந்துச்சு. ஒரு நா மத்தியானம், அப்பா சாப்பிட்டுட்டுக் கண்ணசந்த நேரம், வேண்டாததெல்லாம் அழிப்போம்னு உக்காந்தேன். அதுல ஒரு பகுதி உண்டு, தெரியாத குரல்னு. டிவியில எவனாவது பேசினாக்கூட மெஷின் பதில் சொல்லிருமேன்னு, வீட்டுப் பெரியவர் குரல் தவிர வேற குரலக் கண்டுக்கிடாதன்னு வச்சிருப்போம். ஆனா பதிஞ்சு வச்சுக்கிடும். அதுல முப்பத்தியொண்ணு கிடந்துச்சு. எல்லாம் காலையில ஏழரை. காதுல மாட்டிக் கேட்டேன்.

மாமா அண்ணாச்சி. மெதுவா, ரகசியம் பேசுத மாதிரி. கூடவே மெஷினு பேப்பர் படிக்குத சத்தம், அதுல அப்பா காதுல மாமா குரல் விழுந்திருக்காது. "வைத்திகிட்ட சொல்லிருப்பா, தாஸ் வந்துட்டுப் போறான்னு. படிச்சு முடிச்சிட்டுச் சொன்னாப் போதும்." இது மொத நா. அடுத்தது, "நேத்து சொன்னியா? என்ன சொன்னான்?" இன்னொண்ணுல மழ கொட்டுத சத்தம். "உள்ள வரச் சொன்னான்னா வாரேன். இல்லன்னா பரவால்ல, நீ படி." பொறவு ஒண்ணு, "கோவமாடே அவனுக்கு? நான் என்ன செஞ்சேன்னு தெரியலியே."

கடைசியா ஒண்ணு. இருமிக்கிட்டே பேசுதாரு. "நீ நல்லாத்தான் படிக்க. ஆனா வேகம் ஜாஸ்தி. செத்தவங்க பேரு வந்தா கொஞ்சம் நிறுத்திப் படி, என்ன? அவனுக்குத் தெரிஞ்ச ஆளா இருக்கும், யோசிக்கணும்லா."

நீங்க கேப்பீங்க, ஒரு சத்தம் குடுத்துட்டு உள்ள வந்திருக்கலாமே, இத்தன வருஷப் பழக்கம்னு. நானும் அதத்தான் மாமா மேல கோவமா நினைச்சேன், கொஞ்ச நேரம். அப்புறம் ஞாபகம் வந்துச்சு. அன்னைக்கு கேட்டு பக்கத்துல தாராளமா வாங்கன்னு மட்டும் சொல்லல. கூட ரெண்டு வார்த்த சொன்னேன். "ஆனா படிக்கப்ப குறுக்க பேசாதீங்க மாமா. அப்பா குரல மட்டும் அது பழகணும். அப்பாகிட்ட எதும் சொல்லணும்னா மெஷின்கிட்ட சொல்லிருங்க, அது எல்லாத்தையும் கேக்கும், மறக்காம அப்பாகிட்ட சொல்லிரும்"னேன். பெருமைக்குச் சொன்னேன். என் மெஷினு அப்படின்னு. அது கேக்கும், சொல்லாதுன்னு எனக்குத் தெரியும். அந்த நேரத்துல அது எனக்குப் பெருசாப் படல. அவரு நம்பிட்டாரு. சொன்னபடியே நடந்திருக்காரு, குறுக்க பேசாம, கேட்டுக்கு வெளிய நின்னு.

காதுலேருந்து கழட்டுதேன், அப்பா முழிச்சு உக்காந்திருக்காரு. "ஏலே குத்தாலம். உன் பெட்டிதான் எல்லாத்தையும் பாக்குமே. அவன் ஒரு நாளாவது வந்தானாலே?"

வந்தாருன்னா, எத்தன நாளுன்னு கேப்பாரு. ஏன் எனக்குச் சொல்லலன்னு கேப்பாரு. முப்பத்தியொரு நா உங்களுக்குப் பின்னாலயே நின்னவரு சாவுக்கு நீங்க போகலன்னு அந்த மனுஷன்கிட்ட எப்படிச் சொல்லுவேன்? "வரலப்பா"ன்னேன். அவரு மெதுவாத் தலைய ஆட்டினாரு. "அப்பம் நான் போகாதது சரிதான்"னாரு. காபி கேட்டாரு. அன்னைக்குத்தான் ஒழுங்கா ரெண்டு இட்லி சாப்பிட்டாரு. அதப் பாத்ததும் எனக்கு, சரி, சொல்லாதது நல்லதாப் போச்சுன்னு பட்டுது. மெஷின்ல இருந்தத அழிச்சிட்டேன். என் ஃபோன்ல மட்டும் வச்சிருக்கேன்.

போன வாரம் பெனிட்டா வந்தா. நாப்பதாம் நாளுக்கு நினைவு ஜெபம் வைக்காங்க, அதுக்கு அழைக்க. நானும் ஊர்லதான் இருந்தேன். அப்பா அவளப் பாத்ததும், "உங்கப்பன் கடைசியில என்ன மறந்துட்டான் தாயி"ன்னுட்டாரு. அவளுக்கு ஒண்ணும் விளங்கல. "என்ன மாமா சொல்லுதீங்க? அப்பா ஆஸ்பத்திரிக்குப் போறது வரைக்கும் ஏழே காலுக்கெல்லாம் உங்க வீட்டுக்குத்தான கிளம்புவாங்க. மழையில போகாதீங்கன்னு நான் சண்டை போடுவேன். வைத்தி பாத்துக்கிட்டு இருப்பான்னு சொல்லிட்டுப் போவாங்க"ன்னா.

அப்பா தலை என் பக்கம் திரும்புது. கண்ணு தெரியாத மனுஷன் என்னையே பாக்காரு. அவளும் பாக்கா. சட்டப் பையில ஃபோனு இருக்கு. எடுத்து ஒரு தட்டு தட்டினா மாமா பேசுவாரு.

"இல்லம்மா. மெஷின்ல ஒண்ணும் பதிவாகல. வந்திருந்தாப் பதிவாகியிருக்கும்"னு சொன்னேன்.

அவ ஸ்டூல் மேல இருந்த மெஷினப் பாத்தா. "மெஷினு தப்பாச் சொல்லாதுல்லாண்ணே"ன்னு கேட்டா. சொல்லாதும்மான்னேன். "அப்பம் அப்பா தினமும் எங்கண்ணே போனாங்க?"ன்னா. தெரியலம்மான்னேன்.

அந்தப் பிள்ள இப்ப ஊரு பூரா விசாரிச்சுக்கிட்டு இருக்கு அண்ணாச்சி. அச்சாபீஸ்ல போயி கேட்டிருக்கா, கோயில்ல கேட்டிருக்கா, டீக்கடையில கேட்டிருக்கா. காலையில எங்கப்பா இங்க வருவாங்களா, இங்க உக்காந்திருப்பாங்களான்னு. எங்க தெருவுல மட்டும் கேக்கல. அங்கதான் வரலன்னு மெஷினே சொல்லிட்டே.

நேத்து எனக்கு ஃபோன் பண்ணினா. "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. உங்களச் சின்ன வயசுலேருந்து தெரியும், அதனால கேக்கேன். அப்பாவுக்கு வேற யாரும் இருந்தாங்களா? அம்மா அப்படித்தான் சொல்லுதாங்க. ரெண்டு நாளா சாப்பிடல. ஹால்ல மாட்டியிருந்த அப்பா படத்தக் கழட்டிக் கட்டிலுக்கு அடியில போட்டுட்டாங்க. ஜெபமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாங்காங்க." தாஸ் மாமாவ அண்ணாச்சி! வேட்டியக்கூட ஒரு சுருக்கம் இல்லாம கட்டுத மனுஷன். சேச்சே, அப்படியெல்லாம் இருக்காதும்மான்னேன். "அப்பம் எங்கண்ணே போனாங்க?"ன்னு திரும்பவும் கேட்டா. ஊருக்கு வாரேன்லா, நேர்ல பேசுவோம்னு வச்சிட்டேன்.

சொல்லிரணும்னுதான் பஸ் ஏறினேன். ஏறும்போது திடமாத்தான் இருந்தேன். ஆனா அவகிட்ட சொன்னா அப்பா காதுக்குப் போயிரும். பொறவு அவரு எப்படித் தாங்குவாரு? எனக்காகவா யோசிக்கேன்? எங்கப்பாவுக்காகத்தான் பாக்கேன். உங்களுக்கே விளங்கும், நீங்களும் அப்பா அம்மா உள்ளவங்கதான.

என்ன அண்ணாச்சி? நம்பரா? யாரு நம்பரு, பெனிட்டா நம்பரா? அது எதுக்கு உங்களுக்கு? வேண்டாம், ஃபோன உள்ள வைங்க. பையப் பேசுங்க, முன்னால இருக்கவங்க திரும்பிப் பாக்காங்க. நானே சொல்லிக்கிடுதேன். கண்டிப்பாச் சொல்லுவேன். மொதல்ல ஊரு வரட்டும்.